பண்டிதரும் பழைய நண்பர்களும்

பண்டிதமணி அயோத்திதாசர் அவர்களின் வரலாற்றை நம் அன்பர்கள் பலமுறை கேட்டிருப்பர். அவர் பிறந்த நாளும் மறைந்த நாளும் மே மாதத்திலேயே வருதலின், ஆண்டுதோறும் அம்மாதத்தில் அவர் புகழ் பேசப்படுவது நம்மிடையே வழக்கம். அவர் நிறுவிய சங்கமும், நடத்திய ஏடும், எழுதிய நூல்களும், வென்ற வாதங்களும் அப்பேச்சுகளில் இடம்பெறும். அவர் வாழ்வில் வந்து சேர்ந்து பின்னர் விலகிப்போன நண்பர்களைப் பற்றி மட்டும் எவரும் விரித்துரைப்பதில்லை. அதைச் சொன்னால் பெருமை குறையும் என்று எண்ணுகிறார்கள் போலும். நாம் அவ்வாறு எண்ணவில்லை. ஒரு மனிதர் எவ்வெவரோடு நடந்தார், எவ்விடத்தில் அவரவரை விட்டுப் பிரிந்தார் என்பதைக் கண்டாலன்றி, அவர் சென்ற வழியின் நீளம் நமக்குப் புலப்படாது.

இதனை இப்போது எழுதுவதற்கு ஒரு காரணமும் உண்டு. தங்கவயலின் சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் மூடப்பட்டன. சங்கு ஊதும் நேரத்திற்கு ஒன்றாக எழுந்து, ஒரே கூண்டில் பூமிக்குள் இறங்கி, ஒரே லயனில் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்தவர்களின் பிள்ளைகள், இன்று விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். பலர் அங்கேயே குடியேறிவிட்டனர். தொழில் மாறுகிறது, படிப்பு மாறுகிறது, சிலருக்குக் கொள்கையும் மாறுகிறது. பழைய தோழனை எதிரில் கண்டால் பேசுவதற்கு ஒன்றும் இல்லாமற்போயிற்றே என்று வருந்துவோர் ஒருபுறம். அவன் மாறிவிட்டான், நம்மை மறந்துவிட்டான் என்று பழிப்போர் மற்றொருபுறம். இவ்விரு திறத்தாரும் பண்டிதர் வாழ்வை ஒருமுறை திரும்பிப் பார்ப்பது நன்று.

பண்டிதர் 1845ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். வல்லக்காளத்தி அயோத்திதாசக் கவிராஜ பண்டிதர் என்னும் ஆசிரியரிடம் தமிழும் சித்த மருத்துவமும் பயின்று, அவர்பால் கொண்ட அன்பினால் ஆசிரியர் பெயரையே தம் பெயராக ஏற்றார். ஆகவே அவர் வாழ்வில் நேர்ந்த முதல் மாற்றம் பெயர் மாற்றம். அது ஒருவரைச் சேர்வதற்காகச் செய்த மாற்றம். அதனால் எவரும் அவரை விட்டுப் பிரியவில்லை. பிற்காலத்து மாற்றங்கள் அவ்வளவு எளியனவாக அமையவில்லை.

அவருடைய இளமையின் பெரும்பகுதி நீலகிரியில் கழிந்தது. பாட்டனார் கந்தப்பன் ஆரிங்டன் என்னும் ஆங்கிலேயரிடம் பணிபுரிந்தவர். குடும்பத்தில் இருந்த திருக்குறள் ஏட்டுச்சுவடியை அவர் வழியாக எல்லிஸ் துரைக்கு அளித்தவர். 1870களில் நீலகிரியில் பண்டிதர் அத்துவைதானந்த சபை என்னும் ஒன்றை நிறுவினார். அக்காலத்தில் அவர் அத்துவைதக் கொள்கையர்; வைணவப் பற்றும் அவர் வீட்டில் இருந்தது. மக்களுக்கு இட்ட பெயர்களை நோக்கினால் இது விளங்கும். பட்டாபிராமன், மாதவராம், சானகிராமன், இராசாராம் என்பன புதல்வர் பெயர்கள். இராமன் பெயர் இவ்வாறு நிறைந்த அவ்வீட்டில் மாயாதேவி என்னும் பெயரும் ஒரு மகளுக்கு அமைந்தது. பகவன் புத்தரை ஈன்ற அன்னையின் பெயர் அது. ஒரு மனிதரின் உள்ளம் நடந்த தூரத்தை அவர் பிள்ளைகளின் பெயர்களே சொல்லிவிடுகின்றன.

சென்னையில் அவருக்கு வாய்த்த தொடக்ககாலத் தோழர்களுள் முதலில் சொல்லத்தக்கவர் அருட்டிரு ஜான் இரத்தினம் அவர்கள். கிறித்தவப் போதகர், ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியவர். 1885ஆம் ஆண்டில் திராவிட பாண்டியன் என்னும் ஏட்டை அவர் தொடங்கியபோது பண்டிதர் அவரோடு துணைநின்றார். ஒருவர் அத்துவைதி, மற்றவர் கிறித்தவர். நீலகிரியில் பாதிரிமாரின் மதமாற்றத்திற்கு மாறாகச் சபை கூட்டியவர், சென்னையில் ஒரு பாதிரியாரோடு ஒரே ஏட்டில் உழைத்தார் என்பது கருதத்தக்கது. தம் மக்களின் இழிவு நீங்கவேண்டும் என்னும் ஒரே வேட்கை இருவரையும் பிணைத்தது. அவ்வேட்கை உள்ளவரை கொள்கை வேற்றுமை குறுக்கே நிற்கவில்லை. பின்னர் இருவரும் தத்தம் வழியே சென்றனர். இப்பிரிவில் பகை இருந்ததாக நாம் அறியோம். ஒரு சாலையில் சிறிது தூரம் உடன்வந்தவர், தம் ஊர் வந்ததும் இறங்கிக்கொண்டார் என்பதே பொருந்தும்.

அடுத்த பிரிவு தனி மனிதரிடமிருந்து நேர்ந்ததன்று. ஒரு நம்பிக்கையிடமிருந்தும் அந்நம்பிக்கையால் நண்பரானவர்களிடமிருந்தும் நேர்ந்தது. 1891ஆம் ஆண்டு டிசம்பரில் உதகையில் மாநாடு கூட்டிப் பத்துத் தீர்மானங்களை நிறைவேற்றிய பண்டிதர், மறு ஆண்டு சென்னை மகாஜன சபைக் கூட்டத்திற்கு நீலகிரியின் பிரதிநிதியாகச் சென்றார். எல்லாருக்கும் பொதுவான தெய்வம் என்று சொல்லப்படுமாயின், விஷ்ணு ஆலயத்திலும் சிவாலயத்திலும் எம்மவரை ஏன் விடுவதில்லை என்று அவர் அச்சபையில் கேட்டார். சபையோர் எழுந்து கூச்சலிட்டனர். உங்களுக்குச் சிறுதெய்வங்கள் உண்டு, அவையே போதும் என்ற கருத்தில் விடை வந்தது. அத்தெய்வங்களையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எம் பிள்ளைகளுக்குக் கல்வியும், ஏழைகளுக்குத் தரிசு நிலமும் கிடைக்கச் செய்யுங்கள் என்ற கருத்துப்படப் பண்டிதர் பதிலிறுத்தார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தாறோ நாற்பத்தேழோ இருக்கும். அவ்வயதில் ஒருவர் தாம் வளர்ந்த நம்பிக்கையின் வாயிலில் நின்று, உள்ளே தமக்கு இடமில்லை என்று அறிவது எளிய செய்தியன்று. அத்துவைதம் பேசிய நண்பர்களுள் எத்தனை பேர் அன்று அவர் பக்கம் நின்றனர் என்று நாம் எண்ணிப் பார்க்கிறோம். எல்லாம் ஒன்றே என்று கூறும் தத்துவம், ஒரு கோயிற்கதவைத் திறக்கவும் உதவவில்லை.

இனி, இரட்டைமலை சீனிவாசனார். இவர் நண்பர் மட்டுமல்லர், உறவினர். இவருடைய தமக்கையோ தங்கையோ என்னும் ஆராய்ச்சி நமக்கு வேண்டா. உடன்பிறந்தாராகிய தனலட்சுமி அம்மையாரைப் பண்டிதர் மணந்தார். ஆகவே இருவரும் மைத்துனர்கள். இருவரும் நீலகிரியில் வாழ்ந்தவர்கள். இருவரும் பிரமஞான சபையின் கர்னல் ஆல்காட்டை அறிந்தவர்கள். இருவரும் ஒரே மக்களுக்காக உழைத்தவர்கள். ஆயினும் ஒரு சொல் அவர்களைப் பிரித்தது. சீனிவாசனார் 1893ஆம் ஆண்டில் பறையன் என்னும் பெயரிலேயே ஏடு தொடங்கினார். இழிவாகச் சொல்லப்படும் பெயரை மறைத்துக்கொண்டு உரிமை கேட்க இயலாது. அப்பெயரைச் சொல்லியே நிமிர்ந்து நிற்கவேண்டும் என்பது அவர் கருத்து. பண்டிதரோ அப்பெயர் பகைவர் சூட்டியது, அதை ஏற்பது அவர்கள் சொன்ன கதையை ஏற்பதாகும், நாம் பூர்வத் தமிழர், ஆதியில் பௌத்தர் என்றார். இரண்டும் தன்மானத்திலிருந்து பிறந்த கருத்துகளே. இதில் எவர் பக்கம் நீதி என்று நம் இதழின் வாசகர் பண்டிதரையே சொல்வர், நாமும் சொல்வோம். ஆயினும் சீனிவாசனாரின் துணிவைக் குறைத்து மதிப்பிடுவது அறமாகாது.

உறவு என்பது நட்பைப்போல எளிதில் விட்டுப்போவதன்று. விருந்திலும் துக்கத்திலும் ஒரே வீட்டில் சந்தித்தாகவேண்டும். கொள்கையில் மாறுபட்ட மைத்துனர் இருவர் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணும்போது அந்த அம்மையார் எவ்வளவு மனத்தாங்கலை விழுங்கியிருப்பார் என்பதை வரலாறு எழுதுவோர் பதிந்து வைப்பதில்லை. சீனிவாசனார் பின்னர் கடல்கடந்து சென்று ஆப்பிரிக்காவில் பல ஆண்டுகள் பணிபுரிந்தார், 1921இல்தான் திரும்பினார். 1914இல் பண்டிதர் மறைந்தபோது அவர் அங்கேயே இருந்தார். 1935இல் அண்ணல் அம்பேத்கர் இந்து மதத்தை விட்டு விலகப்போவதாக அறிவித்தபோதும், நாம் அம்மதத்தின் வருணத்துள் இல்லாதவர்கள், ஆதலின் வெளியேற வேண்டியதில்லை என்னும் தம் பழைய கருத்திலேயே சீனிவாசனார் நின்றார். அவர் மாறவில்லை, பண்டிதரும் மாறவில்லை. இளமையில் ஒரே இடத்தில் புறப்பட்டவர்கள் இருவரும் நேர்வழியிலேயே சென்றார்கள். வழிகள்தாம் இரண்டு.

கர்னல் ஆல்காட்டோடு பண்டிதர் கொண்ட நட்பு இதற்கு முற்றிலும் வேறானது. ஆல்காட் அமெரிக்கர், 1880இல் இலங்கையின் காலி நகரில் பஞ்சசீலம் ஏற்றவர், 1894 முதல் சென்னையில் பஞ்சமர் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளிகள் நிறுவியவர். 1898ஆம் ஆண்டில் பண்டிதரும் அவருடன் உழைத்தோரும் ஆல்காட்டை அணுகி, தாங்கள் முன்னாளில் பௌத்தர்களாக இருந்தவர்கள், மீண்டும் அத்தம்மத்தை அடையத் துணைசெய்யவேண்டும் என்று வேண்டினர். ஆல்காட் அவர்களைக் கொழும்புக்கு அழைத்துச் சென்றார். மாளிகாகந்தையில் சுமங்கல மகாநாயக தேரரிடம் பண்டிதர் பஞ்சசீலம் பெற்றார். அப்போது பண்டிதருக்கு வயது 53. அவ்வாண்டிலேயே சென்னை இராயப்பேட்டையில் சாக்கைய பௌத்த சங்கம் தோன்றியது.

ஆயின் ஆல்காட் காட்டிய பௌத்தத்தோடு பண்டிதர் நின்றுவிடவில்லை. இலங்கையிலும் பர்மாவிலும் வழங்கிய பௌத்தத்தைக் கொண்டுவந்து தமிழரிடம் ஒப்படைத்தால் அது அயல்நாட்டுச் சரக்காகவே இருக்கும் என்று அவர் கருதினார் போலும். மணிமேகலை, திருக்குறள், நிகண்டுகள், வீரசோழியம் முதலிய தமிழ் நூல்களைத் தோண்டித் தோண்டித் தமிழிலிருந்தே தம்மத்தை எடுத்தார். 1907ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஆல்காட் அடையாற்றில் காலமானார். அவருக்குப்பின் பிரமஞான சபைக்குத் தலைமை ஏற்ற பெசண்டு அம்மையாரைப் பண்டிதர் தம் ஏட்டில் வன்மையாகக் கண்டித்தெழுதினார். ஆல்காட்டின்பால் கொண்ட நன்றி வேறு, அவர் சபையின்பால் கொண்ட உறவு வேறு என்று பிரித்தறிந்தவர் அவர். உதவியவருக்கு நன்றி செலுத்துவதற்காக வாழ்நாள் முழுதும் அவர் வாயிலிலேயே நிற்கவேண்டியதில்லை என்பதை இவ்விடத்தில் காண்கிறோம்.

எல்லாப் பிரிவுகளிலும் நமக்கு மிக்க வருத்தம் தருவது பேராசிரியர் இலட்சுமிநரசு அவர்களோடு நேர்ந்த பிரிவே. நரசு இயற்கை விஞ்ஞானம் கற்பித்த பேராசிரியர். அறிவியல் கண்ணோடு பௌத்தத்தை ஆராய்ந்தவர். சாதியை ஒழிக்க விரும்பியவர். அவரும், பின்னாளில் பொதுவுடைமை இயக்கத்தின் மூத்த தலைவராக விளங்கிய சிங்காரவேலரும், சங்கத்தின் தொடக்க காலத்தில் பண்டிதரோடு சேர்ந்து உழைத்தனர். வேற்றுச் சாதியில் பிறந்த இருவர், கல்வியிலும் செல்வாக்கிலும் உயர்ந்தவர்கள், இராயப்பேட்டையில் ஒரு சித்த மருத்துவரின் சங்கத்தில் வந்து அமர்ந்தது அந்நாளில் சிறிய செய்தியன்று.

1907ஆம் ஆண்டில் நரசுவின் பௌத்த சாரம் என்று பொருள்படும் ஆங்கில நூல் வெளிவந்தது. அதே ஆண்டு ஜூன் 19ஆம் நாள் பண்டிதரின் ஒரு பைசாத் தமிழன் என்னும் கிழமையேடு வெளிவந்தது. மறு ஆண்டில் அது தமிழன் என்று பெயர் சுருங்கிற்று. ஒரே ஆண்டில் தோன்றிய இவ்விரண்டையும் பக்கத்திற் பக்கத்தில் வைத்து நோக்கின், பிரிவு ஏன் நேர்ந்தது என்று எவரும் கூறவேண்டியதில்லை. நரசுவின் நூல் ஆங்கிலம் கற்ற அறிவாளரை நோக்கிப் பேசுகிறது. காரண காரியத்திற்கு ஒவ்வாத எதனையும் தள்ளுகிறது. பண்டிதரின் ஏடு ஒரு பைசா கொடுத்து வாங்குவோரை நோக்கிப் பேசுகிறது. அவர்கள் வீட்டில் நடக்கும் பண்டிகையையும் வழங்கும் சொல்லையும் எடுத்து, இது உங்கள் முன்னோராகிய பௌத்தரது என்கிறது. கன்மம், மறுபிறப்பு, வரலாறு ஆகியவற்றில் எழுந்த வாதங்கள் வளர்ந்தன. நரசுவும் சிங்காரவேலரும் மகாபோதி சங்கத்தின் சென்னைக் கிளையில் தனியே இயங்கலாயினர். பண்டிதரின் எழுதுகோல் கூரியது. நண்பராயிருந்தவர் என்பதற்காக அதன் முனை மழுங்கியதில்லை. சற்று மழுங்கியிருக்கலாம் என்பது நம் கருத்து. பகைவரைக் குத்தவேண்டிய கோல் தோழரையும் குத்தியதால் சங்கம் வலிமை இழந்ததேயன்றிப் பெற்றதில்லை. பெரியாரிடத்தும் குறை கண்டால் சொல்வதே தம்மநெறி.

நோயாளிகள் மட்டும் அவரை விட்டுப் பிரியவில்லை என்று கூறலாம். இளமையில் நோயுற்ற திரு. வி. கலியாணசுந்தரனாருக்கு மருத்துவம் செய்தவர் பண்டிதரே. அச்சிறுவர் பிறந்தது சைவக் குடும்பம் என்பது அவர் மருந்துக்குத் தடையாகவில்லை.

பகவன் புத்தருக்கே தோழர் பிரிவு நேர்ந்ததை நாம் மறத்தல் கூடாது. உருவேலக் காட்டில் ஆறு ஆண்டு கடுந்தவம் செய்தபோது கொண்டஞ்ஞர் முதலிய ஐவர் அவரோடு இருந்தனர். உடலை வருத்துவதால் பயனில்லை என்று கண்டு அவர் உணவு ஏற்றபோது, கௌதமர் தவத்தை விட்டுச் சுகவாழ்வில் வீழ்ந்தார் என்று எண்ணி அவ்வைவரும் வெறுத்து அகன்றனர். போதி மரத்தடியில் மெய்ஞ்ஞானம் பெற்றபின், இதனை முதலில் யாருக்கு உரைப்பது என்று பகவன் ஆராய்ந்தபோது, தம் பழைய ஆசிரியர்களாகிய ஆளார காலாமரும் உத்தக இராமபுத்திரரும் நினைவுக்கு வந்தனர். இருவரும் இறந்துபோயினர். அதன்பின் தம்மை விட்டகன்ற ஐவரையே நாடி இசிபதனம் வரை நெடுவழி நடந்தார். அவர் வந்தால் எழுந்து வரவேற்பதில்லை என்று ஐவரும் பேசி வைத்திருந்தும், அவர் அணுகியபோது இருக்கையில் இருக்க மாட்டாது எழுந்தனர் என்று நம் நூல்கள் கூறும். கண்டதை விட்டுக்கொடுத்து நட்பை மீட்க அவர் முயலவில்லை. அதே சமயம், விலகியவர் தாமே வரட்டும் என்று இருந்துவிடவும் இல்லை. பண்டிதர் இதன் முற்பகுதியை நன்கு கைக்கொண்டார். பிற்பகுதி அவர் காலத்தில் கைகூடவில்லை.

சென்னையில் கற்றறிந்த நண்பர்கள் இவ்வாறு குறைந்துவந்த அதே ஆண்டுகளில், மேற்கே ஒரு புதிய கூட்டம் பண்டிதரை நாடி வந்தது. பங்காருப்பேட்டையிலிருந்து கிளை ரயிலில் சென்றால் மாரிக்குப்பம். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனியார் பொறுப்பேற்ற பின் செழித்த தங்கச் சுரங்கங்கள் அங்கே நிறைந்திருந்தன. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. பழைய வடஆர்க்காடு, சேலம் மாவட்டங்களின் சேரிகளிலிருந்து பண்ணையடிமை வாழ்வை விட்டு வந்தவர்கள் தட்டி வீடுகளில் குடியிருந்தனர். வேலை கொடியது; பாறை வெடித்து மாண்டவர் பலர். ஆயினும் மாதம் முடிந்தால் கூலி கையில் காசாக வந்தது. பறையடிக்க வா, பிணம் சுமக்க வா என்று ஆண்டை அழைக்க இயலாத தொலைவு இருந்தது. அக்காசிலிருந்துதான் பண்டிதரின் ஏட்டுக்குச் சந்தா சென்றது. எம். ஒய். முருகேசர் முதலியோர் முயற்சியால் மாரிக்குப்பத்தில் சாக்கைய பௌத்த சங்கத்தின் கிளை அமைந்தது. சாம்பியன் ரீப்ஸ் பகுதியிலும் பௌத்தம் பரவிற்று. தங்கவயல் பௌத்தர்கள் இல்லையெனில் பண்டிதரின் பிற்காலப் பணி நடந்திராது என்று நாம் சொல்லுவது ஊர்ப்பற்றினால் மட்டும் அன்று.

இத்தொழிலாளருக்கும் நட்பு இழப்பு நேர்ந்தது. பௌத்தரானவர் மாரியம்மன் திருவிழாவிற்குக் காசு கொடுக்க மறுத்தார். ஊரில் அண்ணன் வீட்டுப் பலிக்குச் செல்ல மறுத்தார். பெண் கொடுக்கவும் எடுக்கவும் பஞ்சசீலம் ஓதி நடக்கும் திருமணமே வேண்டும் என்றார். ஊரிலுள்ள சுற்றத்தார் இதை எப்படிக் கொண்டிருப்பர் என்று விரித்துரைக்கத் தேவையில்லை. ஆனால் சுரங்கத்திற்கு ஒரு தனி நியதி உண்டு. மேலே மதம் மாறினாலும், கீழே கூண்டில் இறங்கும்போது பக்கத்தில் நிற்பவன் பழைய தோழனே. பாறையைத் துளைப்பவனும் பாறைக்குக் கட்டை முட்டுக் கொடுப்பவனும் ஒருவர் உயிரை மற்றவர் கையில் வைத்திருக்கின்றனர். சென்னையில் வேறு சங்கத்தில் போய் அமர்ந்து நண்பரை மறக்கலாம். ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில் அது நடவாது.

இவ்விடத்தில் நமக்குத் தோன்றும் ஒன்றைச் சொல்லவேண்டும். தீபாவளி எள்நெய்யின் பயனைக் கண்டறிந்த நாள்; கார்த்திகை தீபம் ஆமணக்கெண்ணெயின் பயனைக் கண்டறிந்த நாள்; பௌத்தப் பெரியோர் கண்ட அவற்றை மக்கள் நீராடியும் விளக்கேற்றியும் கொண்டாடினர் என்று பண்டிதர் எழுதினார். வரலாற்று ஆராய்ச்சியாளர் இதனை ஏற்கமாட்டார். நரசு போன்ற விஞ்ஞானப் பேராசிரியருக்கு இது எவ்வளவு கசப்பாயிருந்திருக்கும் என்பதை நாம் உணர்கிறோம். ஆனால் லயனில் வாழ்ந்த ஒரு பௌத்தத் தாயின் நிலையிலிருந்து இதனை நோக்குக. அடுத்த வீட்டில் கார்த்திகை விளக்கு எரிகிறது. நரசுவின் வழியில் நின்றால் தன் வாயிலை இருட்டாக வைக்கவேண்டும்; பிள்ளைகள் கேட்கும் கேள்விக்கு விடை சொல்லவேண்டும்; அடுத்த வீட்டாரின் முகத்தைப் பார்க்கக் கூசவேண்டும். பண்டிதர் அவள் கையிலிருந்து விளக்கைப் பறிக்கவில்லை. விளக்கின் கதையை மட்டும் மாற்றிக் கொடுத்தார். அவளும் ஏற்றினாள், அடுத்த வீட்டாரும் ஏற்றினர். கொள்கை மாறிற்று, தெரு மாறவில்லை. எந்த உரைகள் பண்டிதரைக் கற்ற நண்பரிடமிருந்து பிரித்தனவோ, அவ்வுரைகளே சுரங்கத் தொழிலாளரை அவர்தம் பழைய நண்பரிடமிருந்து அடியோடு பிரியாமற் காத்தன என்று நாம் கருதுகிறோம். அவர் இதனை எண்ணிச் செய்தாரா என்று எவரும் அறுதியிட்டுச் சொல்ல இயலாது. பயன் அவ்வாறு விளைந்தது.

1914ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் பண்டிதர் காலமானார். அறுபத்தொன்பது நிறைவதற்குப் பதினைந்து நாள் இருந்தது. தமிழன் ஏட்டை அவர் மகனார் பட்டாபிராமன் சிறிது காலம் நடத்தினார். பின் அது நின்றுபோயிற்று. 1926இல் தங்கவயலிலிருந்து ஜி. அப்பாதுரையார் அதனை மீண்டும் எடுத்து நடத்தினார். அப்பாதுரையார் பெரியார் ஈ. வெ. ரா.வின் சுயமரியாதை இயக்கத்தோடு நெருங்கியவர். பண்டிதர் எழுதாத பல செய்திகள் அவர் காலத்துத் தமிழனில் இடம்பெற்றன. பண்டிதர் இருந்திருப்பின் இவரோடும் வாதிட்டிருப்பார் என்பதில் நமக்கு ஐயமில்லை. பண்டிதரின் நூல்கள் பலவற்றைத் தங்கவயலின் சித்தார்த்த புத்தகசாலையார் மீண்டும் மீண்டும் அச்சிட்டனர். தமிழன் ஏட்டின் பழைய படிகளை அன்பர்கள் சிலர் வீட்டில் காத்து வைத்திருந்தமையால்தான், 1999இல் ஞான. அலாய்சியஸ் அவர்கள் தொகுக்க, பாளையங்கோட்டையிலிருந்து அயோத்திதாசர் சிந்தனைகள் வெளிவர முடிந்தது.

நரசுவின் செய்தி ஒன்று எஞ்சியிருக்கிறது. பண்டிதர் மறைந்தபின் தென்னிந்தியப் பௌத்தர்களுக்கு வழிகாட்டத் தகுதியானவர் அவரைத் தவிர வேறு எவரும் இல்லை என்று பண்டிதரின் மாணவர்களே கண்டனர். அழைத்தனர், அவரும் மறுக்கவில்லை. 1920இல் பெங்களூரில் பௌத்த மாநாடு கூடியது. தங்கவயலுக்கும் அவர் வந்து உரையாற்றினார். 1934இல் அவர் மறையும்வரை அவ்வுறவு நீடித்தது. 1948இல் அவர் நூலுக்கு அண்ணல் அம்பேத்கர் முன்னுரை எழுதி மறுபதிப்பு வரச்செய்தபோது, அப்பெயரைத் தங்கவயலில் யாருக்கும் புதிதாக அறிமுகம் செய்யவேண்டியிருக்கவில்லை.

பண்டிதரிடமிருந்து விலகியவரை, பண்டிதரையே ஆசானாகக் கொண்ட மக்கள் தம் நடுவில் இருத்தி, காரண காரிய விசாரணையையும் விஞ்ஞானத்தையும் பற்றி அவர் கூறியவற்றை அமைதியாகக் கேட்டனர். அவற்றுள் பலவற்றை ஏற்றும் கொண்டனர். ஆயினும் அதற்குப்பின் கார்த்திகையில் விளக்கேற்றுவதை எவரும் நிறுத்தியதாக நாம் கேள்விப்பட்டதில்லை.